ஸ்பெல்லிங்கைத் திருத்தப் போகுமுன்: பிரிட்டிஷ், அமெரிக்க ஆங்கிலமும் எழுத்தில் மரியாதையும்

நீலமை (இழையைத் தொடங்கியவர்)

மூன்று நாளாக மனசில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

நிரல் எழுதுகிறவர்கள் கூடிப் பேசும் ஓர் ஆங்கிலக் குழுவில் ஒரு புதியவர் கேள்வி கேட்டிருந்தார். பொத்தானை ஒருமுறை அழுத்தினால் வேலை இரண்டு முறை நடக்கிறது, ஏன் என்று. நன்றாகக் கேட்டிருந்தார். எதை எதிர்பார்த்தேன், என்ன நடந்தது, எதையெல்லாம் செய்து பார்த்துவிட்டேன் என்று வரிசையாகச் சொல்லி, சம்பந்தமில்லாத வரிகளை நீக்கிவிட்டு, தேவையான இருபது வரியை மட்டும் ஒட்டியிருந்தார். தலைப்பில் 'பிஹேவியர்' என்ற சொல். அதை யு போட்டு எழுதியிருந்தார்.

ஐந்தே நிமிடத்தில் முதல் பதில்: "அந்தச் சொல்லில் யு கிடையாது. முதலில் ஸ்பெல்லிங் கற்றுக்கொள், நிரலைப் பிறகு பார்க்கலாம்." அதற்குக் கீழே ஒருவர் கைதட்டும் படம் போட்டார். இன்னொருவர் வந்து, கேள்வி கேட்கிறவர்களின் தரமே போய்விட்டது என்று வருத்தப்பட்டார். பொத்தானைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. நான் பதில் தட்டிக்கொண்டிருக்கும்போதே கேள்வி காணாமல் போயிற்று. கேட்டவரே அழித்துவிட்டார்.

பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு யு உண்டு. அவர் எழுதியது சரி. கறுப்பு என்று எழுதியவரிடம் போய், "கருப்புதான் சரி, முதலில் தமிழ் படி" என்று சொன்னால் எப்படி இருக்கும்? பவளம் என்றாலும் பவழம் என்றாலும் நமக்கு ஒரே பொருள்தானே.

தப்பையே பக்குவமாகத்தான் சொல்ல வேண்டும். இங்கே சரியாக எழுதிய ஒருவரைத் தப்பு என்று சொல்லி விரட்டியிருக்கிறார்கள். ஒருவர் எழுதும் ஆங்கிலத்தைத் திருத்துவது எந்த இடத்தில் உதவியாகிறது, எந்த இடத்தில் அவமானமாகிறது? உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். எனக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை. ஒருதலையாகப் பேசினால் அதையும் சொல்லுங்கள்.

---

மெய்ப்புக்காரர்

நீலமை, இருபது வருடத்துக்கும் மேலாக ஆங்கிலப் புத்தகங்களுக்கு மெய்ப்பு பார்க்கிறேன். அதனால் இதில் எனக்குச் சொல்ல நிறைய உண்டு. நீளத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

"அமெரிக்கர்கள் யு-வைத் தூக்கிவிட்டார்கள்" என்று பொதுவாகச் சொல்கிறோம். நடந்தது அவ்வளவு எளிதாக இல்லை. 1623-இல் அச்சான ஷேக்ஸ்பியர் நாடகத் தொகுப்பைப் புரட்டினால் 'ஆனர்' என்ற சொல் ஓரிடத்தில் யு-வோடு இருக்கும், இன்னோரிடத்தில் யு இல்லாமல் இருக்கும். அமெரிக்கா என்று ஒரு நாடே இல்லாத காலம் அது. லத்தீன் வடிவத்தில் யு இல்லை. பிரெஞ்சு வழியாக வந்தபோது ஒட்டிக்கொண்டது. அச்சுக்கோர்ப்பவர் கைக்கு எது வந்ததோ அதைப் போட்டார்.

1755-இல் சாமுவேல் ஜான்சனின் அகராதி வந்தது. அவர் பிரெஞ்சுப் பக்கம் சாய்ந்தவர். 'எரர்', 'கவர்னர்', 'ஹாரர்' எல்லாவற்றுக்கும் யு போட்டார். 'மியூசிக்', 'பப்ளிக்' இரண்டுக்கும் கடைசியில் ஒரு கே. இன்று லண்டனில்கூட யாரும் அப்படி எழுதுவதில்லை. ஆக, பிரிட்டிஷ் ஸ்பெல்லிங்கும் உதிர்த்துக்கொண்டேதான் வந்திருக்கிறது. அமெரிக்கா கொஞ்சம் கூடுதலாக உதிர்த்தது, அவ்வளவுதான்.

அதை முன்னின்று செய்தவர் நோவா வெப்ஸ்டர். 1783-இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுத்துப் பாடநூல் போட்டார். 1806-இல் ஒரு சிறிய அகராதி. 1828-இல் இரண்டு தொகுதிகளாக, ஏறக்குறைய 70,000 சொற்களோடு பெரிய அகராதி. புதிதாகப் பிறந்த நாட்டுக்கு மொழியும் தன்னுடையதாக இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். பிள்ளைகள் எளிதாகப் படிக்க வேண்டும் என்ற அக்கறையும் இருந்தது. 'கலர்' யு-வை இழந்தது, 'சென்டர்' இ-ஆர் என்று முடிந்தது, 'டிஃபென்ஸ்' சி-யை விட்டு எஸ்-ஐப் பிடித்தது, 'டிராவலர்' ஓர் எல்-ஐ விட்டது. ஆனால் அவர் சொன்னதெல்லாம் எடுபடவில்லை. நாக்கைக் குறிக்கும் 'டங்' என்பதை டி-யு-என்-ஜி என்று நாலே எழுத்தில் முடிக்கப் பார்த்தார். 'விமென்' என்பதை ஒலிக்கிறபடியே ஐ போட்டு எழுதச் சொன்னார். ஜனங்கள் ஏற்கவில்லை.

இதற்குள் இருக்கும் முரண்களைப் பாருங்கள். பிரிட்டனில் 'ஹ்யூமர்' யு-வோடு வரும். 'ஹ்யூமரஸ்' என்று நீண்டால் அங்கேயும் யு விழுந்துவிடும். அமெரிக்காவில் யு-வை வெட்டிக்கொண்டே வந்தவர்கள் 'கிளாமர்' என்ற சொல்லில் பெரும்பாலும் அதை விட்டுவைத்திருக்கிறார்கள். அமெரிக்கர்கள் எல்-ஐக் குறைப்பார்கள் என்று மனப்பாடம் செய்திருப்பவர், 'ஃபுல்ஃபில்' என்பதற்கு அவர்கள் கடைசியில் இரண்டு எல் போடுவதையும் பிரிட்டிஷார் ஒன்றோடு நிறுத்துவதையும் பார்த்தால் திகைத்துப்போவார்.

அதிகம் சண்டை நடக்கும் இடம் இன்னொன்று. 'ஆர்கனைஸ்', 'ரெகக்னைஸ்' மாதிரிச் சொற்களில் எஸ்-ஸா, இசட்-டா? "இசட் போட்டால் அமெரிக்கத்தனம்" என்று அடித்துச் சொல்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆக்ஸ்போர்டு அகராதி இசட்-ஐத்தான் முதலில் தரும். கிரேக்க மூலத்திலேயே அந்த ஒலி இருக்கிறது என்பது அவர்கள் வாதம். இன்று பிரிட்டனில் எஸ் அதிகம் புழங்குகிறது என்பது உண்மை. அதற்காக இசட் அந்நியம் ஆகிவிடாது. அதே ஆக்ஸ்போர்டு 'அனலைஸ்' என்ற சொல்லுக்கு எஸ்-தான் போடும். அதன் வேர் வேறு. 'அட்வர்டைஸ்', 'சர்ப்ரைஸ்', 'எக்ஸர்சைஸ்' மூன்றும் இரண்டு நாட்டிலும் எஸ்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. சந்தேகம் வந்தால் அடித்துத் திருத்த மாட்டோம். ஓரத்தில் ஒரு கேள்விக்குறி இட்டு, "ஆசிரியர் விருப்பம் இதுவா?" என்று எழுதுவோம். அந்தக் கேள்விக்குறியால் நான் பலமுறை தப்பித்திருக்கிறேன். பாதி நேரம் ஆசிரியர் சரியாகத்தான் எழுதியிருப்பார்.

---

ஓடை

நீலமை அக்கா, உங்க கோபம் நியாயம். மறுபக்கமும் ஒண்ணு இருக்கு, சொல்லிடறேன்.

வலைப்பக்கத்துக்கு நிறம் கொடுக்கற சிஎஸ்எஸ்-ல அந்தப் பண்போட பேரு யு இல்லாத 'கலர்'. யு போட்டு எழுதினா உலாவி பிழைன்னுகூட சொல்லாது. அந்த ஒரு வரியைத் தாண்டிப் போயிட்டே இருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு மத்தியானம் முழுக்க இதுல போச்சு. தலைப்பு நீலமா வரணும், கறுப்பாவே நிக்குது. கேஷ் அழிச்சேன், நிறத்தோட எண்ணை ஆறு தடவை மாத்தினேன், கோப்பே தப்போன்னு வேற கோப்புல எழுதிப் பார்த்தேன். ஒண்ணும் அசையல.

என் சீனியர் வந்தார். பின்னாடி நின்னு அரை நிமிஷம் பார்த்தார். திரையில அந்த யு மேல விரலை வெச்சு, "நீ எழுதினது சரியான இங்கிலீஷ்தான். ஆனா இந்த இடம் அமெரிக்கா"ன்னார். அவ்வளவுதான். நான் அந்த எழுத்தை அழிச்சேன், தலைப்பு நீலமாச்சு, அவர் தன் இடத்துக்குப் போயிட்டார். பக்கத்துல இருந்த யாருக்கும் என்ன நடந்துச்சுன்னே தெரியாது.

அதனால, நிரலுக்குள்ள ஸ்பெல்லிங்கைச் சொல்லித்தான் ஆகணும். சொல்லாம விட்டா அது உதவி இல்ல. ஆனா அவர் சொன்ன விதத்துல என் ஆங்கிலம் தப்புன்னு ஒரு துளிகூட இல்ல. இயந்திரம் எதை எதிர்பார்க்குதுன்னு மட்டும்தான் இருந்துச்சு.

அந்த இயந்திரத்துக்கும் ஒரே கொள்கை கிடையாது. பண்போட பேருக்கு யு கூடாதுன்னு பிடிவாதம் பிடிக்கற அதே சிஎஸ்எஸ், சாம்பல் நிறத்துக்கு 'கிரே'ன்னு ஏ போட்டாலும் ஏத்துக்கும், இ போட்டாலும் ஏத்துக்கும். இன்னொண்ணு: எந்தப் பக்கத்துல இருந்து வந்தோம்னு உலாவி சர்வருக்குச் சொல்ற 'ரெஃபரர்'ங்கற ஹெடர் வரியோட பேருல ஓர் ஆர் குறைச்சல். உலாவியும் சர்வரும் பேசிக்கறதுக்கான நெறியை விளக்கி 1996-ல வந்த ஹெச்டிடிபி 1.0 ஆவணத்துலயே அப்படித்தான் இருக்கு. எந்த நாட்டு ஆங்கிலத்துலயும் அது சரி கிடையாது, சுத்தமான எழுத்துப் பிழை. மாத்தினா உலகத்துல ஓடற மென்பொருள் எல்லாம் உடையும்னு அப்படியே விட்டுட்டாங்க. பின்னாடி வந்த 'ரெஃபரர் பாலிசி'ங்கற ஹெடர்ல சரியா எழுதினாங்க. இப்போ ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல இருக்கு.

---

நீலமை

ஓடை, "இந்த இடம் அமெரிக்கா" என்ற அந்த வாக்கியத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். நான் கேட்ட கேள்விக்கு அதிலேயே பாதி பதில் வந்துவிட்டது. அந்தப் புதியவர் எழுதிய தலைப்பு நிரலுக்குள் இல்லை. மனிதர்கள் படிப்பதற்காக எழுதியது. அதில் யு இருந்தால் எந்த வரியும் உடையப் போவதில்லை.

மெய்ப்புக்காரர் ஐயா, ஆக்ஸ்போர்டு இசட் விஷயம் எனக்கு இத்தனை நாள் தெரியாது. நானே இரண்டு பேரைத் திருத்தியிருக்கிறேன்.

---

கந்தகம்

வேதியியல் டீச்சர். என் புனைபெயரே இந்தச் சிக்கலில் மாட்டிய தனிமம்தான்.

'சல்ஃபர்' என்பதை நடுவில் பி-ஹெச் போட்டுத்தான் நான் படித்தேன். ஒரு மாணவி விடைத்தாளில் எஃப் போட்டு எழுதியிருந்தாள். சிவப்பு மையில் வட்டம் போட்டு அரை மதிப்பெண் குறைத்தேன். அவள் எதிர்த்து எதுவும் பேசவில்லை. அடுத்த வாரம் நூலகத்திலிருந்து ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து, அந்தப் பக்கத்தைத் திறந்து, என் மேசையில் வைத்துவிட்டு நின்றாள். வேதியியல் பெயர்களை முடிவு செய்யும் பன்னாட்டு அமைப்பான ஐயுபேக், 1990-இலேயே எஃப் வடிவத்தை ஏற்றுவிட்டது. பிரிட்டனின் ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரியும் 1992-இல் அதற்கே மாறிவிட்டது. அறிவியல் எழுத்தில் அவள் எழுதியதுதான் சரி. அரை மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்தேன். வகுப்பில் எல்லோர் முன்னாலும், தவறு என்னுடையது என்று சொன்னேன். குறைத்தது எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அதனால் திருப்பிக் கொடுப்பதும் தெரிய வேண்டும் என்று பட்டது.

அலுமினியம் கதை இதற்கு நேர் எதிர். அதற்குப் பெயர் வைத்தவர் ஹம்ஃப்ரி டேவி, பிரிட்டிஷ்காரர். 1812-இல் அவர் புத்தகத்தில் எழுதியது 'அலுமினம்', இன்று அமெரிக்கர்கள் சொல்லும் அதே வடிவம். சோடியம், பொட்டாசியம் என்று மற்றவை முடிவதுபோல இதுவும் 'இயம்' என்று முடியட்டும் என அதே ஆண்டில் பிரிட்டனில் குரல் எழுந்தது, அது நிலைத்தது. அமெரிக்க வேதியியல் கழகம் 1925-இல் 'அலுமினம்' என்று முடிவு செய்தது. ஐயுபேக் 1990-இல் 'அலுமினியம்' என்றது. மூன்று வருடம் கழித்து மற்றதையும் ஏற்கத்தக்க மாற்று வடிவமாகச் சேர்த்துக்கொண்டது. கந்தகத்தில் அமெரிக்க வடிவம், அலுமினியத்தில் பிரிட்டிஷ் வடிவம். அத்தனை பெரிய அறிஞர்கள் உட்கார்ந்து பேசி ஆளுக்கொன்று விட்டுக்கொடுத்திருக்கும்போது, நாம் ஓர் எழுத்துக்காக ஒரு பிள்ளையை அழவைக்கிறோமே என்று அப்புறம் பல நாள் நினைத்திருக்கிறேன்.

---

நேர்கோடு

எல்லோரும் ஒரே பக்கம் பேசுகிறீர்கள். மாற்றுக் கருத்து.

யு இருந்தது சரி, திருத்தியவர் தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த ஒன்றை வைத்துக்கொண்டு "ஸ்பெல்லிங்கையே பேசாதே" என்ற இடத்துக்குப் போகாதீர்கள். 'டெஃபினிட்லி' என்ற சொல்லின் நடுவில் ஏ போடுவது எந்த நாட்டிலும் தவறு. 'லூஸ்', 'லாஸ்' இரண்டையும் மாற்றி எழுதினால் பொருளே மாறுகிறது. இவற்றைச் சுட்டினால் உடனே "மரியாதை இல்லை" என்று வாயை அடைக்கிறார்கள்.

எனக்கும் நடந்தது. வேலை விண்ணப்பம் ஒன்றை ஒருவர் பார்வைக்கு வைத்து, கருத்துக் கேட்டார். ஒரே பக்கத்தில் 'சென்டர்' ஓரிடத்தில் ஆர்-இ, இன்னோரிடத்தில் இ-ஆர். நான்கு எழுத்துப் பிழைகள் வேறு. வரி எண்ணோடு எழுதிக் கொடுத்தேன். "ஆங்கில மோகம்", "ஆணவம்" என்று திட்டு விழுந்தது. அந்த விண்ணப்பம் அப்படியே போயிருந்தால் அவருக்குத்தான் நஷ்டம். அதைத் தடுக்க நினைத்தவனுக்கு இந்தப் பட்டம். அளவுகோல் என்று ஒன்று வேண்டும். யார் எப்படி எழுதினாலும் சரி என்றால் அகராதி எதற்கு?

---

மெய்ப்புக்காரர்

நேர்கோடு, விண்ணப்ப விஷயத்தில் நான் உங்கள் பக்கம். அவர் கருத்துக் கேட்டார், நீங்கள் வரி எண்ணோடு சொன்னீர்கள். அதைவிட நல்ல உதவி கிடையாது. திட்டியவர்கள்தான் மரியாதை தவறியவர்கள். ஒரே எழுத்தில் இரண்டு வழக்கும் கலந்தால் குறை என்பதும் சரி. மெய்ப்பு வேலையில் முதலில் செய்வதே அதுதான்: எந்த வழக்கு என்று ஆசிரியரிடம் கேட்டு, ஒரு தாளில் குறித்துவைத்து, கடைசிப் பக்கம் வரை அதையே பிடித்துக்கொண்டு போவது. அந்தத் தாளுக்கு ஸ்டைல் ஷீட் என்று பெயர்.

ஆனால் அளவுகோல் ஒன்றுதான் என்று நினைத்தால் சிரமம். ஜெனீவாவில் இருக்கும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் ஆங்கிலப் பெயரைப் பாருங்கள். 'லேபர்' என்பதில் பிரிட்டிஷ் யு இருக்கும். அடுத்த சொல்லான 'ஆர்கனைசேஷன்' இசட்-ஓடு இருக்கும். கலப்படம் என்று கை பரபரக்கும். அது ஆக்ஸ்போர்டு வழக்கு, பிசிறில்லாதது. கனடாவில் 'கலர்' யு-வோடு, வண்டிச் சக்கரத்து 'டயர்' அமெரிக்க மாதிரி ஐ-யோடு. ஆஸ்திரேலியாவில் உழைப்பு என்ற பொருளில் 'லேபர்' யு-வோடு எழுதுவார்கள். தொழிற்கட்சியின் பெயரில் மட்டும் 1912-இலிருந்து யு கிடையாது. அங்கே ஒருவர் ஒரே வாக்கியத்தில் இரண்டையும் எழுத நேரும், இரண்டும் சரியாக இருக்கும்.

சிறப்புப் பெயர் என்றால் இன்னும் கவனம் வேண்டும். நாசாவின் விண்ணோடம் 'எண்டெவர்' பிரிட்டிஷ் கடலோடி கேப்டன் குக்கின் கப்பல் பெயரைக் கொண்டது. ஆகவே அமெரிக்க விண்ணோடமாக இருந்தும் யு உண்டு. 2007-இல் ஏவுதளத்தில் கட்டிய பதாகையில் யு-வை விட்டுவிட்டார்கள். படம் வெளியே போனபிறகு கவனித்து மாற்றினார்கள். 'பேர்ல் ஹார்பர்' என்பதில் யு-வைச் சேர்த்து "திருத்தும்" பிரிட்டிஷ் மெய்ப்பாளர் செய்வதும் இதே தவறுதான்.

மேலிருந்து உத்தரவு போட்டும் பார்த்திருக்கிறார்கள். 1906-இல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட், 300 சொற்களுக்குச் சுருக்கிய ஸ்பெல்லிங்கைப் பயன்படுத்தும்படி அரசு அச்சகத்துக்கு ஆணையிட்டார். 'த்ரூ' என்பதை நாலே எழுத்தில் முடிப்பது மாதிரி. அதே ஆண்டு டிசம்பரில் பிரதிநிதிகள் சபை அதற்கு எதிராகத் தீர்மானம் போட்டது, அவர் பின்வாங்கினார். ஸ்பெல்லிங் விஷயத்தில் அதிபர் சொல்லியே கேட்கவில்லை.

இன்னொன்று. ஆஸ்திரேலிய மெய்ப்பாளர் ஜான் பேங்சண்ட் 1992-இல் ஒரு விதி எழுதினார்: பிறர் எழுத்தில் பிழை சுட்டி நீங்கள் எதை எழுதினாலும் அதில் ஒரு பிழை இருக்கும். அதற்கு அவர் வைத்த பெயர் 'மஃப்ரி விதி'. தவறக்கூடியது தவறியே தீரும் என்ற பிரபலமான 'மர்ஃபி விதி'யின் பெயரையே வேண்டுமென்றே எழுத்து மாற்றிவைத்தார். என் அனுபவத்தில் அந்த விதி பொய்த்ததே இல்லை. அதனால் ஒரு திருத்தத்தை அனுப்புமுன் நான் எழுதியதை மூன்று முறை படிக்கிறேன்.

---

அக்கரை

ஸ்பெல்லிங் கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத வேறுபாடும் ஒன்று இருக்கிறது, என்னைக் கேட்டால் அதுதான் அதிகம் புண்படுத்துகிறது.

நான் இருக்கும் குழுவில் பாதிப் பேர் பிரிட்டன், பாதிப் பேர் அமெரிக்கா. நான் எழுதிய ஓர் அறிக்கைக்கு ஒரே நாளில் இரண்டு பதில் வந்தது. இருவரும் 'க்வைட் குட்' என்று எழுதியிருந்தார்கள். அமெரிக்கர் சொன்னதற்கு அர்த்தம் "ரொம்ப நன்றாக இருக்கிறது". பிரிட்டிஷ்காரர் சொன்னதற்கு அர்த்தம் "பரவாயில்லை". நான் இரண்டையும் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு, திருத்த வேண்டியதைத் திருத்தாமல் விட்டேன். பிறகு ஒரு மாதம் அந்த அறிக்கையோடு மல்லுக்கட்டினேன்.

'ப்ளீஸ்' இன்னொன்று. பிரிட்டிஷ்காரர் எதைக் கேட்டாலும் அதைச் சேர்ப்பார், சேர்க்காவிட்டால் அவருக்கு உறுத்தும். அமெரிக்கர்கள் சின்ன வேண்டுகோளில் அதை அவ்வளவாகச் சேர்ப்பதில்லை. சில இடத்தில் அது அவர்கள் காதில் அதட்டல் மாதிரிகூட விழும். பிரிட்டனில் பணிபுரியும் அமெரிக்க மொழியியலாளர் லின் மர்ஃபி இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். நமக்கோ இதில் எதுவும் இல்லை. 'ங்க' சேர்த்தால் மரியாதை வந்துவிடும். "கொஞ்சம் பாருங்களேன்" என்றால் போதும், தனியாக ஒரு சொல் தேவைப்படாது. அந்த 'ஏன்' ஒலியை ஆங்கிலத்தில் எங்கே கொண்டுபோய் வைப்பது? நாம் நினைத்தபடியே ஆங்கிலத்தில் எழுதினால் உத்தரவு போடுகிற மாதிரிப் படுகிறது. மனசில் 'ங்க' இருக்கிறது, எழுத்தில் இல்லை.

அதனால் யாராவது வெடுக்கென்று எழுதியிருந்தால், அது எந்த ஊர் ஆங்கிலம் என்று முதலில் பார்ப்பேன். "ஸ்பெல்லிங் கற்றுக்கொள்" என்று எழுதியவருக்கு அந்தச் சலுகை கிடையாது. அது எந்த ஊரிலும் அவமரியாதைதான்.

---

தளிர்

இங்கே முதல் முறையாக எழுதுகிறேன். தவறு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கேள்வியை அழித்தவர் நான் இல்லை. ஆனால் நானாக இருந்திருக்கலாம். ஆங்கிலத்தில் ஒரு பின்னூட்டம் எழுத எனக்கு அரை மணி நேரம் ஆகிறது. ஒவ்வொரு சொல்லையும் தேடிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவேன். யாராவது ஒரு சொல்லைச் சுட்டினால், மற்ற எல்லாச் சொல்லும் தப்பாகத்தான் இருக்கும் என்று தோன்றிவிடுகிறது. சென்ற வருடம் அப்படி ஒருமுறை நடந்தபிறகு நான்கு மாதம் எதுவும் எழுதவில்லை, படிப்பதோடு சரி.

ஒரு சந்தேகம். நான் பள்ளியில் படித்தது யு போட்டு. தட்டச்சு செய்தால் கீழே சிவப்புக் கோடு விழுகிறது. யு-வை எடுத்தால் கோடு போய்விடுகிறது. கணினி சொல்வதுதான் சரி என்று நினைத்து எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டிருந்தேன். நான் எதைப் பின்பற்றுவது?

---

ஓடை

தளிர், அந்தச் சிவப்புக் கோடு பாதிச் சண்டைக்குக் காரணம்னு நினைக்கறேன். கணினி உங்க ஆங்கிலத்தைப் பார்த்துத் தீர்ப்பு சொல்லல. அதுக்குள்ள இருக்கற சொற்பட்டியல் அமெரிக்க ஆங்கிலம், அவ்வளவுதான். நிறைய உலாவியிலயும் எழுதுமென்பொருள்லயும் யாரும் மாத்தாத வரைக்கும் அதுதான் இருக்கும். மொழி அமைப்புக்குப் போய் 'இங்கிலீஷ் யுகே'ன்னு தேர்ந்தெடுங்க. யு-க்குக் கீழ இருந்த கோடு போயிடும், யு இல்லாத சொல்லுக்குக் கீழ வரும். ரெண்டு நிமிஷ வேலை. ஒரு தடவை மாத்திப் பாருங்க, அந்தக் கோட்டு மேல இருக்கற பயம் போயிடும்.

அன்னிக்கு அந்த முதல் பதிலை எழுதினவரும் ஒருவேளை இந்தக் கோட்டை நம்பித்தான் எழுதியிருப்பார். அவர் வாழ்க்கையில யு-வுக்குக் கீழ எப்பவும் சிவப்புதான் இருந்திருக்கும்.

எதைப் பின்பற்றறதுன்னா, உங்களுக்குப் பழகினதை எழுதுங்க. நிரலுக்குள்ள மட்டும் அங்க ஏற்கெனவே எப்படி இருக்கோ அப்படி.

---

மெய்ப்புக்காரர்

தளிருக்கு ஓடை சொன்னதோடு ஒன்று. யாருக்காக எழுதுகிறீர்கள் என்று பாருங்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் என்றால் அமெரிக்க வழக்கு, லண்டன் பதிப்பகத்துக்கு என்றால் பிரிட்டிஷ். பொதுவான பேச்சில் எது கைக்கு வருகிறதோ அது. ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. ஒரு நாட்டோடு நெருங்கிய தொடர்புள்ள கட்டுரை அந்த நாட்டு வழக்கில் இருக்கும். மற்றவை, எந்த வழக்கில் வளர்ந்ததோ அதிலேயே தொடரும். காரணமில்லாமல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றக் கூடாது. பல வருடச் சண்டைக்குப் பிறகு வந்து சேர்ந்த இடம் அது.

இணையத்தில் எழுதும் பண்பு பற்றி 1995-இல், இணைய நெறிகளை வெளியிடும் ஆர்எஃப்சி என்ற ஆவண வரிசையில், 1855 என்ற எண்ணோடு ஓர் ஆவணம் வந்தது. அதில் ஒரு வரி இருக்கிறது: அனுப்பும்போது கறாராக இரு, பெறும்போது தாராளமாக இரு என்பது அதன் சாரம். கணினிகள் ஒன்றோடொன்று பேசுவதற்காக இணைய முன்னோடி ஜான் போஸ்டல் 1980-இல் வகுத்த நெறி அது; பிறகு மனிதர்களுக்கும் ஆயிற்று. நேர்கோடு கேட்கும் அளவுகோலும் நீலமை கேட்கும் மரியாதையும் அந்த ஒரு வரியில் சேர்ந்தே இருக்கின்றன என்பது என் எண்ணம். கறார் என் எழுத்துக்கு. தாராளம் உங்கள் எழுத்துக்கு.

---

நேர்கோடு

அந்த வரியை ஏற்கிறேன். ஒரு திருத்தத்தோடு: கேட்டவருக்குக் கறாராகத்தான் சொல்வேன், தாராளம் காட்ட மாட்டேன். கேட்காதவரின் எழுத்தில் பொருள் மாறாத வரை கை வைக்க மாட்டேன். மாறினால் தனிமடலில்.

தளிர், உங்கள் தமிழில் ஒரு பிழைகூட இல்லை. எழுதுங்கள்.

---

நீலமை

ஒரு தகவல். அன்றைக்குக் கேள்வியை அழித்தவருக்குத் தனிமடல் அனுப்பினேன். ஸ்பெல்லிங்கைப் பற்றி ஒரே வரி: "நீங்கள் எழுதியது சரி." மீதியெல்லாம் பொத்தானைப் பற்றி. பக்கத்தை மறுபடி ஏற்றாமலே அதன் உள்ளடக்கம் மாறும் ஒவ்வொரு தடவையும் அந்தப் பொத்தானுக்கு நிகழ்வு கேட்பானை (அழுத்துவதைக் கவனித்து வேலையை ஓட்டும் நிரல் துண்டை) மறுபடி இணைக்கிறார், பழையதை நீக்கவில்லை, அதனால்தான் இரண்டு முறை ஓடுகிறது என்று என் நினைவில் இருந்ததை வைத்து எழுதினேன். இரண்டு நாள் பதில் இல்லை. இன்று காலை வந்தது. சரியாகிவிட்டதாம். ஒரு வரி சேர்த்ததில் தீர்ந்தது என்றார்.

அந்தக் குழுவில் மறுபடி எழுதச் சொன்னேன். இப்போதைக்கு வேண்டாம் என்றார். நான் வற்புறுத்தவில்லை.

---

கந்தகம்

வருத்தமாகத்தான் இருக்கிறது நீலமை. ஆனால் பொத்தான் வேலை செய்ததே, அது போதும் இப்போதைக்கு.

மெய்ப்புக்காரர் ஐயா, போகிற போக்கில் ஒரு சந்தேகம். 'ஜட்ஜ்மென்ட்' என்ற சொல்லில் ஜி-க்குப் பிறகு இ உண்டா இல்லையா? பிள்ளைகள் கட்டுரையில் இரண்டு விதமாகவும் வருகிறது. இப்போதெல்லாம் வட்டம் போடுமுன் கேட்டுவிடுகிறேன்.

---

மெய்ப்புக்காரர்

அமெரிக்காவில் இ இல்லை. பிரிட்டனில் பொதுவாக இ உண்டு. ஆனால் நீதிமன்றத் தீர்ப்பு என்ற பொருளில் வந்தால் அங்கேயும் இ போட மாட்டார்கள். அதனால் கட்டுரை எதைப் பற்றியது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் டீச்சர்.